33550336க்கு எத்தனை பட்டம்?

அன்பின் ஐயா,

என் மகள் டவுனில் ரியூசன் முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் மான்களைக்கூடப் பார்ப்பதில்லை, கொப்பிக்குள்ளேயே இருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் 33550336 என்று எழுதி, கீழே செவ்விய எண், முக்கோணி எண், இலக்கங்களின் கூட்டுத்தொகை 28 என்று குறித்திருக்கிறாள். 28உம் செவ்விய எண்ணாம், அதுதான் பெரிய அதிசயமாம். ஓர் எண்ணுக்கு இவ்வளவு பட்டம் தேவையா?

ஒரு தகப்பன், உப்புவெளி, திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

பட்டங்கள் எல்லாம் ஒரே தரமல்ல. 28 வந்தது வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வந்தது. எட்டு எட்டாக எண்ணும் ஊரில் இதே எண் 177770000, கூட்டினால் 29. அதிசயம் அங்கேயே போச்சு.

செவ்விய எண் என்பது அப்படியல்ல. தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் தானே வரவேண்டும்: 1+2+3=6. பழைய கிரேக்கக் கணிதர் யூக்கிளிட் வழி சொல்லியிருக்கிறார். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டுத்தொகை முதன்மை எண்ணானால், கடைசியாகக் கூட்டிய எண்ணால் அதைப் பெருக்குங்கள். 4096 வரை கூட்டினால் 8191; இரண்டையும் பெருக்கினால் உங்கள் மகளின் எண். 1 தொடக்கம் 8191 வரை கூட்டினாலும் அதுவே வரும் என்பதால் முக்கோணி எண் என்ற பட்டம் இலவச இணைப்பு.

இதற்கு முந்தியவை 6, 28, 496, 8128. இலக்கம் ஒவ்வொன்றாகக் கூடுவதைப் பார்த்து, அடுத்தது ஐந்து இலக்கத்தில் இருக்கும் என்று பழைய ஆட்கள் பலர் நம்பினார்கள். ஐந்திலும் இல்லை, ஆறிலும் இல்லை. ஏழில் வந்திருக்க வேண்டியதை, 1024 வரை கூட்டினால் வரும் 2047 கெடுத்துவிட்டது. அது 23 × 89.

சரி, 8191 மட்டும் முதன்மை எண்தான் என்று எப்படி நம்புவது? சாதாரணமாக 90க்குட்பட்ட 24 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் குறுக்குவழி ஒன்று உண்டு. 13 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் 8191. 13 முதன்மை எண் என்பதால், 8191இன் எந்த முதன்மைக் காரணியையும் 26ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 90க்குள் அப்படிப்பட்டவை 53உம் 79உம்தான். முதலாவதால் வகுத்தால் மீதி 29, மற்றதால் 54. இரண்டே வகுத்தலில் வேலை முடிந்தது.

அடுத்த செவ்விய எண்ணுக்கு, 17 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் வரும் 131071 முதன்மை எண்ணாக வேண்டும். 103, 137, 239, 307 ஆகிய நாலாலும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்குலேற்றரைக் கொடுக்காதீர்கள்.