பூதம் சாகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேள்வி: நண்பர்கள் நாலு பேருக்கு கேம் மாஸ்டராக, அதாவது கதை சொல்லிப் பூதங்களை ஆட்டுவிப்பவனாக, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதை விளையாட்டை நடத்துகிறேன். வெள்ளி ஆயுதம் பட்டால் மட்டும் காயப்படும் கல் பூதம் ஒன்றை நானே உருவாக்கினேன். ஒன்றரை மணி நேரம் அடித்தும் வெள்ளி யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை பூதத்துக்குத் தீயைப் பலவீனமாக வைத்தேன், தீ பட்டால் இரட்டிப்பு அடி. தீ மந்திரம் வைத்திருந்த பெண் இரண்டே சுற்றில் முடித்துவிட்டாள், மற்ற மூவரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் எதைத் திருத்துவது, பூதத்தையா அவளுடைய சக்தியையா?

பதில்: பூதத்தைத்தான். அவள் சக்தியில் கை வைக்காதீர்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதி ஃபயர்பால் என்ற தீ மந்திரத்தை இரண்டு தடவை வீசினால் அந்த அளவு மந்திரம் தீர்ந்துவிடும், பிறகு ஓய்வெடுத்தாக வேண்டும். அதற்கு எட்டுப் பகடை உருட்டினால் சராசரியாக 28 டேமேஜ், அதாவது எதிரிக்கு விழும் அடி. கடிவாளம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்களும் ஒன்றைப் போட்டால், ஆசையாகத் தேர்ந்தெடுத்த சக்தியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் படும்.

இரண்டு ஆட்டமும் கெட்டது ஒரே காரணத்தால். பலவீனம் என்றதும் டேமேஜ் கணக்கைத் தொட்டீர்கள். முதல் பூதத்துக்குப் பூஜ்யம், இரண்டாவதுக்கு இரட்டிப்பு. பூஜ்யம் என்றால் நாலு பேரும் சும்மா இருப்பார்கள், இரட்டிப்பு என்றால் மூன்று பேர்.

விதிப்புத்தகத்தில் இருக்கும் ட்ரோல் என்ற பூதத்தைப் பாருங்கள். 2014 பதிப்பில் அதற்கு 84 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), ஒவ்வொரு சுற்றிலும் 10 திரும்ப வளரும். தீயோ அமிலமோ பட்டால் அடுத்த முறை வளராது. அவ்வளவுதான். தீ அதற்கு இரண்டு மடங்கு வலிப்பதில்லை. அதனால் ஒருவர் பந்தத்தால் சுட, மூன்று பேர் வெட்டலாம். அடுத்த சுற்றில் மறுபடி யாராவது சுட வேண்டும். ஒருவர் கண்டுபிடித்த பலவீனம் எல்லோருக்கும் வேலை கொடுக்கிறது.

உங்கள் கல் பூதத்தையும் அப்படி மாற்றலாம். கல் தோல் எல்லா டேமேஜையும் பாதியாக்கும் என்று வையுங்கள். ஒரே சுற்றில் சூடும் பிறகு குளிர்ந்த நீரும் பட்டால் தோல் வெடிக்கும், அடுத்த சுற்று முடியும்வரை அடி முழுசாக இறங்கும். ஹிட் பாயிண்ட் 100, நால்வரும் சேர்ந்து சுற்றுக்கு 40 அடிக்கிறார்கள் என்றால், பலவீனம் தெரியாமலே ஐந்து சுற்றில் ஜெயிப்பார்கள், தெரிந்தால் சீக்கிரம் முடியும். தெரியாவிட்டால் ஜெயிக்கவே முடியாது என்ற நிலை எந்தச் சண்டையிலும் வேண்டாம்.

அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று இடத்திலாவது குறிப்பு வையுங்கள். காட்டுத்தீக்குப் பின் மழையில் வெடித்துக் கிடக்கும் பாறைகள். ஓடைக்கு அக்கரையில் மட்டும் பூதத்தின் காலடி இல்லாதது. சண்டையில் முதல் நெருப்பு பட்டதும் கல் செக்கச்சிவந்து நிற்பது. இதைச் சொல்லப் பகடை உருட்டச் சொல்லாதீர்கள், வாயால் சொல்லிவிடுங்கள். உருட்டியது 3 என்று விழுந்தால் உங்கள் கதை அங்கேயே நின்றுவிடும். இரணியன் வாங்கிய வரம் மாதிரி பகலில்லை இரவில்லை என்று நிபந்தனை அடுக்கும் மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். விடை அவர் ஒருவருக்குத்தான் தெரியும், தெரிந்த பெருமையும் அவருக்கேதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சிக்கல் வந்ததும் பலர் இணையத்தில் ரெடிமேட் பூதம் வாங்க ஓடுகிறார்கள். ‘சமநிலை சோதிக்கப்பட்டது’ என்று மேலே போட்டிருக்கும். யார் சோதித்தது, எத்தனை குழு ஆடியது என்று ஒரு வரி இருக்காது. படத்துக்குத்தான் காசு. நானும் ஒருமுறை ஏமாந்தேன். நான் வாங்கிய பூதத்துக்கு ஆறு வகை டேமேஜ் ஏறாது, அதன் ஒரே பலவீனமோ என் குழுவில் யாரிடமும் இல்லாத மந்திரம். உங்கள் நாலு பேரிடம் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கு எப்படித் தெரியும்? வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், நாலு பேரின் சக்திகளை எழுதிய கேரக்டர் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விதிப்புத்தகமாவது உதவுமா என்றால், அதுவும் கை விரிக்கிறது. கேம் மாஸ்டருக்கான 2014 வழிகாட்டியில் பூதத்தின் கடினத்தைக் கணக்கிடும் அட்டவணை உண்டு. தாழ்ந்த நிலைகளில் பல வகை டேமேஜ் பாதியாகும் என்றால் ஹிட் பாயிண்ட்டை இரண்டு மடங்காக எண்ணு என்கிறது. ஆனால் ஒரே ஒரு வகைக்குப் பலவீனம் இருந்தால் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுக்க வேண்டாமாம்! தீக்கு இரண்டு மடங்கு வாங்கும் பூதமும் வாங்காத பூதமும் அதற்கு ஒன்றுதான். தீ மந்திரம் வைத்திருக்கும் குழுவில் என்ன நடக்கும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

விலக்கு ஒன்று உண்டு. லிச் என்ற சாகாத மந்திரவாதி. ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் கதைதான். உயிர் ஒரு பேழையில் இருக்கும். உடலை அழித்தால் 1 முதல் 10 நாளுக்குள் புது உடல் வந்துவிடும். இங்கே பலவீனத்தை ஒளித்து வைக்கலாம், ஏனென்றால் அதைத் தேடுவதே ஆட்டம். ஆனாலும் கவனியுங்கள், இன்றைக்கு அடித்தால் லிச் இன்றைக்கு விழும். நாலு பேரும் ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அது திரும்பி வந்த அன்றே, உயிர் வேறெங்கோ இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். மூன்றாவது தடவை வந்தும் புரியவில்லை என்றால் குறிப்பு போதவில்லை. பேழையும் அவர்கள் போகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். போகவே முடியாத கடலடியில் வைத்தால், பழைய வெள்ளிப் பூதத்தையே மறுபடி செய்துவிட்டீர்கள்.

உங்கள் கல் பூதத்துக்குப் பேழை எல்லாம் வேண்டாம். சண்டை நடக்கும் இடத்தில் ஒரு கிணறும் இரண்டு வாளியும் வையுங்கள். அவள் சுடட்டும், மற்றவர்கள் தண்ணீர் இறைக்கட்டும்.