மலையேற்றத்தில் 5 வாட் கைரேடியோவோடு எடுத்துப்போக எந்தத் திசை ஆன்டெனா நல்லது? கூடவே என்னென்ன வேண்டும்?

உங்களிடம் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் இருக்கிறது, 2 மீட்டர் பேண்டில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) எஃப்எம்மில் பேசப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மூன்று எலிமென்ட் (குறுக்குத் தண்டு) உள்ள யாகி போதும், அது சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் ஆன்டெனா. எலிமென்ட்களைத் தாங்கும் நடுத்தண்டான பூமின் நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 2 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேல்தான். அதற்காக ஒரு மீட்டர் பூமை முட்புதருக்குள் இழுத்துக்கொண்டு ஏற வேண்டாம்.

ரேடியோவோடு வரும் ரப்பர் ஆன்டெனா, அலைநீளத்தில் பாதி நீளமுள்ள எளிய ஆன்டெனாவான அரை அலை டைபோலைவிடவே 3 முதல் 5 டெசிபெல் குறைவாக இருக்கும். மூன்று எலிமென்ட் யாகி அந்த டைபோலைவிட சுமார் 5 டெசிபெல் அதிகம். இரண்டையும் சேர்த்தால் 5 வாட் ரேடியோ அந்தத் திசையில் 30 முதல் 50 வாட் ரேடியோ போல வேலை செய்யும். கேட்பதிலும் அதே லாபம் உண்டு. ஆனால் இந்த லாபத்தைக் கேபிளும் கம்பமும் சத்தமில்லாமல் தின்றுவிடும். அதனால் ஆன்டெனாவுக்கு யோசிக்கிற அளவுக்கு அவற்றுக்கும் யோசியுங்கள்.

வாங்குவதென்றால் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஆரோ ஆன்டெனாவின் எலிமென்ட்கள் வில்வித்தை அம்புத்தண்டுகளால் ஆனவை, கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். எல்க் என்பது லாக் பீரியாடிக் வகை, ஒரே கேபிளில் 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் ஆகிய இரண்டு பேண்டும் கிடைக்கும். எஸ்ஓ-50 போன்ற செயற்கைக்கோள் வழியாகப் பேச ஆசையிருந்தால் இரண்டு பேண்டும் தேவை, அப்போது இவை காசுக்குத் தகும். தரைத் தொடர்புக்கு மட்டும் என்றால் இரும்பு அளவு டேப்பில் நீங்களே செய்துகொள்ளுங்கள். மரத்தில் மாட்டினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். உடையும் அலுமினியத்தைவிடக் காட்டுக்கு அதுதான் பொருத்தம்.

25 மி.மீ. அகலமுள்ள 5 மீட்டர் டேப் ஒன்று, அரை இஞ்சு பிவிசி பைப், ஹோஸ் கிளாம்ப் ஆறு, 12.7 செ.மீ. செம்புக் கம்பி. 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பின்னால் வரும் ரிஃப்ளெக்டர் 106.2 செ.மீ., பேசும் திசையில் முன்னால் வரும் டைரக்டர் 90.2 செ.மீ., நடுவில் கேபிள் இணையும் டிரிவன் எலிமென்ட் 45.6 செ.மீ. துண்டுகள் இரண்டு, அவற்றுக்கிடையே 2.5 செ.மீ. இடைவெளி. ரிஃப்ளெக்டரிலிருந்து டிரிவனுக்கு 20.5 செ.மீ., அங்கிருந்து டைரக்டருக்கு 32 செ.மீ. உலகம் முழுக்க ஹாம்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் டேப் யாகியின் அளவுகள்தான் இவை, நம் பேண்டுக்கு ஏற்ப ஒரு சதவீதம் நீட்டியிருக்கிறேன். டேப்பின் முனைகளை வட்டமாக வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கண் உயரத்தில் வீசும் பொருள் இது, இதில் அலட்சியம் கூடாது.

டிரிவன் துண்டுகளின் உள்முனையில் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸுக்கான ரோசின் ஃபிளக்ஸ் இரும்பில் சரியாகப் பிடிக்காது. ஆசிட் ஃபிளக்ஸ் போட்டால் வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும். சால்டரே பிடிக்கவில்லையென்றால் துளையிட்டு, ரிங் லக் வைத்து, நட்டு போல்ட்டில் முறுக்குங்கள்.

செம்புக் கம்பியை, கால்களுக்கிடையே 19 மி.மீ. இருக்கும்படி ஹேர்பின் வடிவில் வளைத்து இரண்டு துண்டுகளுக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். டிரிவன் எலிமென்ட் ஒத்ததிர்வுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் குட்டை, அதன் மின்தடுப்பும் 50 ஓமுக்குக் கீழே. இந்த ஹேர்பின் ஒரு சிறு சுருளாக நின்று அதை 50 ஓமுக்கு உயர்த்துகிறது. செய்து முடித்து மல்டிமீட்டர் வைத்தால் கேபிளின் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே ஷார்ட் என்று பீப் அடிக்கும். பதற வேண்டாம், ஹேர்பின் இருந்தால் அப்படித்தான் காட்டும். அதே இடத்தில் கேபிளை 5 செ.மீ. விட்டத்தில் ஆறு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். இதை விட்டால் கேபிளின் வெளிப்புறமும் ஆன்டெனாவாகிவிடும். கேபிளைத் தொட்டால் எஸ்டபிள்யூஆர் (ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) மாறுகிறதென்றால் காரணம் இதுதான்.

நானோவிஎன்ஏ என்ற சிறு ஆன்டெனா சோதனைக் கருவி இருந்தால் கேபிளின் ஆன்டெனா முனையில் வைத்து கேலிபரேட் செய்துவிட்டு, தரையிலிருந்து இரண்டு மீட்டராவது உயர்த்திப் பிடித்து அளந்து பாருங்கள். எஸ்டபிள்யூஆர் கோட்டின் பள்ளம் 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் டிரிவன் துண்டுகள் இரண்டிலும் 3 மி.மீ. 3 மி.மீ. ஆகக் குறையுங்கள். இடம் சரி, ஆனால் எஸ்டபிள்யூஆர் 2-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஹேர்பின் கால்களை நெருக்கியும் விரித்தும் பாருங்கள். ரிஃப்ளெக்டரையும் டைரக்டரையும் தொடாதீர்கள்.

கேபிள்: 2 மீட்டர் நீளத்துக்கு மேல் வேண்டாம். 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 மீட்டருக்கு 0.2 டெசிபெல் இழக்கும், மெல்லிய ஆர்ஜி-174 ஏறக்குறைய 0.4. பத்து மீட்டர் ஆர்ஜி-174 போட்டால் யாகியின் லாபம் முக்கால்வாசி கேபிளிலேயே போய்விடும். ரேடியோவில் ஆன்டெனா மாட்டும் சிறு திருகு இணைப்பான எஸ்எம்ஏ வாயில் கனமான அடாப்டரையும் தடித்த கேபிளையும் நேரடியாக மாட்டாதீர்கள், இழுவையில் போர்டோடு பெயர்ந்து வரும். 30 செ.மீ. ஆர்ஜி-316 துண்டு ஒன்றில் ஒரு முனை எஸ்எம்ஏ, மறுமுனை பிஎன்சி (இன்னொரு வகை இணைப்பு) வைத்துக்கொண்டால் போதும். வாங்கும்முன் ரேடியோவைப் பாருங்கள்: பாவ்ஃபெங் யுவி-5ஆர் ரேடியோவில் ஊசி ரேடியோ பக்கம் இருக்கும், யேசு, ஐகாம் கைரேடியோக்களில் துளை. தவறான எஸ்எம்ஏ வாங்கி மலை உச்சியில் நிற்பவர்கள் ஏராளம்.

ரிப்பீட்டர்களும் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையங்கள்) கைரேடியோக்களும் செங்குத்து முனைவாக்கம், அதாவது அலை மேலும் கீழுமாக அதிரும். எனவே எலிமென்ட்கள் வானம் பார்த்து நிற்க வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் 20 டெசிபெல் வரை போகலாம். இதே காரணத்தால் இரும்புக் கம்பத்தைப் பூமின் நடுவில் மாட்டக் கூடாது. எலிமென்ட்களுக்கு இணையாக நிற்கும் கம்பம் இன்னொரு எலிமென்ட்டாக மாறித் திசையைக் குலைக்கும். பூமை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் நீட்டி அங்கே பிடியுங்கள், அல்லது ஃபைபர்கிளாஸ் கம்பம் வையுங்கள். கார்பன் ஃபைபர் தூண்டில் கம்பு மின்சாரம் கடத்தும், அது ஆகாது. செங்குத்தாகப் பிடிக்கும்போது கிடைத்திசையில் கதிர் 100 டிகிரிக்கு மேல் அகலமாக இருக்கும், காம்பஸ் வைத்துத் துல்லியமாகத் திருப்பத் தேவையில்லை.

சமவெளியில் உயரம்தான் முதலில் உதவும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும்: கையில் 1.5 மீட்டரில் 5 கி.மீ., 6 மீட்டர் கம்பத்தில் 10 கி.மீ. ஏற்காடு போல 1500 மீட்டர் உயரத்தில் 160 கி.மீ. என்பதால் கம்பமே வேண்டாம்.

அங்கே வேறொரு தொல்லை வரும். பக்கத்தில் எஃப்எம் வானொலி அல்லது டிவி கோபுரம் இருந்தால், விலை மலிந்த கைரேடியோக்கள் யாகி மாட்டியதும் செவிடாகிவிடும். ரப்பர் ஆன்டெனாவில் கேட்ட ரிப்பீட்டர் யாகியில் கேட்கவில்லையென்றால் ஆன்டெனாவைப் பழிக்காதீர்கள், கோபுரத்தின் வலுவான சிக்னலில் ரேடியோவின் முன்பகுதி திணறுகிறது. யாகியின் முதுகைக் கோபுரத்துக்குக் காட்டிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் 2 மீட்டர் பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்றைக் கேபிளில் சேர்க்க வேண்டும்.

இடி கேட்டால் உச்சியில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். ஆன்டெனாவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். மின்கம்பி இருக்கும் இடத்தில், கம்பம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்துக்கு விலகியே நிறுத்துங்கள்.