டேக் இன்புட்டில் காற்புள்ளியா, என்டரா?

வெப் பக்கத்தில் சிறு குறிச்சொற்களை (டேக்) ஒவ்வொன்றாக அடித்துச் சேர்க்கும் பெட்டிதான் டேக் இன்புட். அதில் காற்புள்ளி அழுத்தினால் டேக் உருவாக வேண்டுமா, என்டர் அழுத்தினாலா என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் இருக்கட்டும். ஆனால் இரண்டையும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

நான் திருகோணமலையில் இருந்து வெப் வேலை செய்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துத் தங்குமிடங்களுக்கான தளம் ஒன்று, வேறொருவர் பாதியில் விட்டுப் போய், என் கைக்கு வந்தது. விடுதிக்காரர்கள் தங்கள் வசதிகளை டேக்காகப் போட வேண்டும். ஒரு அக்கா போன் எடுத்து, "தம்பி, நான் போட்டதெல்லாம் ஒண்டா ஒட்டிப்போச்சு" என்றார். பார்த்தால் 'ஏசி அறை,மீன் சாப்பாடு,புறாமலைப் படகு' என்று நீளமாக ஒரே டேக்.

காரணம் எளிது. பழைய கோட், விசை அழுத்தப்படும்போது வரும் கீடவுன் (keydown) நிகழ்வில், காற்புள்ளி விசைக்குரிய எண்ணை, அதாவது கீகோடை (keyCode), தேடியது. ஆண்ட்ராய்டு குரோமில் திரை விசைப்பலகை எந்த எழுத்துக்கும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணையே சொல்லும், காற்புள்ளி எது என்று தெரியாது. அதனால் பெட்டியில் உள்ளது மாறும்போது வரும் இன்புட் (input) நிகழ்வில், பெட்டிக்குள் வந்து விழுந்த எழுத்தையே பார்த்துப் பிரித்தேன். வேறிடத்தில் நகலெடுத்து ஒட்டும்போது (பேஸ்ட்) வரும் காற்புள்ளிகளும் அதிலேயே பிரிந்துவிடும்.

கணினியில் வேறு கூத்து. ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைப்பவர், காட்டும் பட்டியலில் சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் என்டர்தான் அழுத்துவார். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் ஈஸ்கம்போசிங் (isComposing) உண்மையாக இருந்தால் அந்த என்டரைக் கண்டுகொள்ளாதீர்கள், இல்லாவிட்டால் அரைகுறைச் சொல் டேக்காகிவிடும். அப்புறம் 'கொ' போன்ற எழுத்துகள். கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு. சேமிக்கும் முன், இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாக்கும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றுங்கள்.

பிறர் எழுதி வைத்த ரெடிமேட் லைப்ரரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் வருவார்கள். போடுங்கள், நான் தடுக்கவில்லை. தமிழில் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான். கொழும்பு நிறுவனம் ஒன்று இதே வேலையைக் கேட்டபோது, "நீங்க திருமலையில இருக்கிறீங்க, செலவு குறைவுதானே" என்று பாதி விலை சொன்னது. கரண்ட் பில்லும் இன்டர்நெட் பில்லும் எனக்குப் பாதியாகவா வருகிறது? சரி, அதை விடுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் 'சேர்' என்று ஒரு பட்டன் வையுங்கள். அந்த அக்கா இப்போது அதைத்தான் அழுத்துகிறார். நீக்கும் பெருக்கல் குறியை 24 பிக்சலுக்குக் கீழே விடாதீர்கள். வெப் தளங்களை எல்லோரும் பயன்படுத்த வகைசெய்யும் வழிகாட்டியான, 2023இல் வந்த டபிள்யூசிஏஜி (WCAG) 2.2 சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. விரலுக்கு அதுவும் சிறிது என்பதால் நான் 44 வைக்கிறேன்.