பிளஸ் ஒன் படிக்கிறேன், இயற்பியல்தான் படிக்கப் போகிறேன். எந்தக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்க்கலாம்?

திண்டுக்கல் பக்கம் ஊர், இன்ஜினியரிங்கும் வேண்டாம் மெடிக்கலும் வேண்டாம், லீவில் மூன்று நான்கு இடங்களுக்கு அழைத்துப் போக அப்பா தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு வணக்கம். இயற்பியல் என்றதும் "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்று கேட்காமல் வண்டிக் காசு தருகிறவர் கிடைப்பது பெரிய விஷயம்.

நான் திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேருவதற்கான 'ஜாம்' நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போனவன். போன வருடம் அக்கா மகளுக்காக இதே வேலையாக அலைந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன். பாடத்திட்டம், கட்டணம், கட்-ஆஃப் எல்லாமே இணையத்தில் கிடைக்கும். அங்கே படிக்கிற பிள்ளைகள் கையால் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும்தான் போனால் தெரியும். அதைப் பார்க்க வாய்ப்பில்லாத இடத்துக்கு, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், போக வேண்டாம்.

அதனால் மே மாதத்தை விட்டுவிடுங்கள். கோடை விடுமுறையில் போனால் கட்டடத்தையும் வாட்ச்மேனையும் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் நல்ல நேரம். உங்களுக்கு லீவு, கல்லூரிகள் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். ஆயுத பூஜை நாட்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., அதாவது இந்திய அறிவியல் கழகம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தையொட்டி ஒரு சனிக்கிழமை அங்கே 'ஓப்பன் டே' நடக்கும். ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் பெங்களூரு. பிளஸ் டூவில் அந்த நேரம் பொதுத்தேர்வு கழுத்தைப் பிடிக்கும், அதனால் இந்த வருடமே போய்விடுங்கள். கூட்டம் தாங்காது. எல்லாத் துறைகளையும் ஒரு சுற்று சுற்றினால் கால்வலிதான் மிச்சம். இரண்டு துறைகளை எடுத்துக்கொண்டு, கருவிக்குப் பக்கத்தில் நிற்கிற பி.எச்டி. மாணவர்களிடம் நின்று பேசுங்கள். "இதில் உங்கள் வேலை என்ன, போன வாரம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அக்கா மகள் அப்படிக் கேட்டதும் ஒருவர் போஸ்டரை விட்டுவிட்டு, வெற்றிடப் பம்பில் எங்கே கசிகிறது என்று தேடிய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது.

அடுத்தது ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். மொத்தம் ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். இரண்டிலும் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த அதே ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, அதே ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு. ஒன்றைப் பார்த்தால் போதும். திருவனந்தபுரம் ஐசர் நகரத்துக்குள் இல்லை, விதுராவில், பொன்முடி அடிவாரத்தில் இருக்கிறது. அந்த ஒதுக்குப்புறத்தில் ஐந்து வருடம் இருக்க முடியுமா என்பதையும் அங்கே போய்த்தான் யோசிக்க முடியும். அப்புறம், ஐ.ஏ.டி.யில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்றால் உயிரியலுக்கு இப்போதே ஒரு வழி பார்க்க வேண்டும்.

கணிதத்திலும் ஆசை உண்டென்றால் சென்னை சிறுசேரியில் உள்ள சி.எம்.ஐ. (சென்னை கணிதவியல் கழகம்) நல்ல இடம். கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பு அங்கே உண்டு. ஆனால் புறப்படுவதற்கு முன்னால் அவர்கள் இணையதளத்தில் இருக்கும் பழைய நுழைவுத் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து முழுதாகப் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் முக்கியமில்லை. அந்த மாதிரிக் கணக்கோடு மல்லுக்கட்டுவது பிடித்திருந்தால் மட்டும் சிறுசேரிக்குப் போங்கள்.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. மதுரையிலோ திருச்சியிலோ உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியைக் கட்டாயம் பட்டியலில் சேருங்கள். எல்லாரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், "கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று. கலாம் இயற்பியல் படித்தது திருச்சி புனித வளனார் கல்லூரியில். இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். இன்றைக்கும் பி.எஸ்சி. முடித்து ஜாம் எழுதி ஐ.ஐ.டி.க்கோ ஐ.ஐ.எஸ்சி.க்கோ போகலாம், அது சுற்றுவழி இல்லை. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். நேரில் போவதன் முழுப் பயனும் இங்கேதான்.

போனதும் இயற்பியல் ஆய்வகத்தை மதியம் செய்முறை வகுப்பு நடக்கும்போது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒளி வளையங்களை மைக்ராஸ்கோப்பில் அளக்கிற நியூட்டன் வளையச் சோதனையை எப்படிச் செய்தார் என்று விசாரியுங்கள். "மைக்ராஸ்கோப் திருகை ஒரே பக்கமாகத்தான் திருப்பிக்கொண்டு போகணும், நடுவில் பின்னால் திருப்பினால் ரீடிங் தப்பாகிவிடும்" என்று சொன்னால் அவர் கருவியில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறார். சூத்திரத்தை மட்டும் ஒப்பித்தால், ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒருவரை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று நான்கு பேரிடம் கேளுங்கள். போன வருடம் இங்கிருந்து யார் யார் ஜாம் தேறினார்கள், அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை யாருக்காவது கிடைத்ததா என்றும் கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. நூலகத்தில் குவாண்டம் புத்தகம் ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கத் தேதிச் சீட்டு இருந்தால் பாருங்கள். கடைசி முத்திரை பத்து வருடத்துக்கு முந்தியது என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

எங்கே போவதானாலும் இரண்டு வாரம் முன்னால் துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அப்பா எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள். பெயர், பள்ளி, வகுப்பு, எந்த நாள், என்ன பார்க்க ஆசை, நான்கு வரி போதும். பதில் வந்தால் அதை அச்செடுத்து, பள்ளி அடையாள அட்டையோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டில் கேட்பார்கள். நீங்கள் ஆய்வகத்தில் இருக்கிற நேரத்தில் அப்பா ஹாஸ்டல் சாப்பாடு, தண்ணீர், மெஸ் பில் எல்லாம் விசாரித்துவிடட்டும்.