வாசித்தால் எழுந்து வருவார்கள்

அன்புள்ள ஐயா,

பத்து வயது மகளோடு ‘தி மம்மி’ (1999) பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் உறுத்தல். வரலாற்றை இப்படிக் கண்டபடி கலைத்துப் போட்ட படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா? மம்மியின் சாபம் என்பதெல்லாம் உண்மையா?

ஒரு வாசகர்,
திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் காட்டலாம். பிழைகள் நிறைய என்பது சரிதான். படத்தில் மம்மியாக எழுந்து வரும் இம்ஹோதெப் நிஜ மனிதர். பண்டைய எகிப்தின் ஜோசர் மன்னருக்கு அமைச்சர். சக்காராவின் படிப் பிரமிடை வடிவமைத்தவர் என்று சொல்லப்படுபவர். பிற்கால எகிப்தியர் அவரைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். படமோ அவரை 1300 ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி, சேத்தி மன்னரைக் கொல்லும் பூசாரியாக்கிவிட்டது. மம்மியாக்கும்போது எடுக்கும் உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகளும் படத்தில் ஐந்து, உண்மையில் நான்குதான். இதயத்தை உடலிலேயே விட்டுவிடுவார்கள். மறுமையில் நீதித் தெய்வமான மாஅத்தின் இறகை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் நிறுப்பது அதைத்தானே!

சாபத்துக்கு வருகிறேன். 1922இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமுன் கல்லறையில் சாப வாசகம் எதுவும் கிடையாது. அந்த அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு, கொசுக்கடிப் புண் சீழ்பிடித்து 1923 ஏப்ரலில் இறந்தார். மீதியைப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டன. கார்ட்டர் 1939 வரை இருந்தார். முதலில் உள்ளே போனவர்களில் ஒருவரான கார்னார்வனின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். அதற்காக எகிப்தியர் சாபமே விட்டதில்லை என்றில்லை. கிசாவில் பெட்டெட்டி என்பவரின் கல்லறையில், இதற்குக் கேடு செய்பவனை முதலையும் நீர்யானையும் சிங்கமும் தின்னும் என்று எழுதியிருக்கிறது.

ஆனால் கல்லறைச் சுவர்களில் மிரட்டலைவிட அதிகம் இருப்பது வேண்டுகோள். ‘இவ்வழி போகும் உயிருள்ளோரே, எனக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். சொன்னால் போதும், அது இறந்தவருக்குப் போய்ச் சேரும். பெயரை யாராவது உச்சரிக்கும்வரை அவர் இருக்கிறார் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். நூலகப் பெண் ஈவ்லின் (அந்தப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்) புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கிறாள், மம்மி எழுகிறது. கடைசியில் அவள் உயிருக்குப் போராடும்போது, அண்ணன் தங்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். பறவை மாதிரி இருக்கிறது, நாரை மாதிரி இருக்கிறது என்று கத்துகிறான். அவள் அந்த அமளிக்கு நடுவிலும் சரியான சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறாள். துப்பாக்கி வைத்திருப்பவனால் அந்த மம்மியை ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசிக்கத் தெரிந்தவளால் முடிகிறது. விவரமெல்லாம் தப்பாக இருந்தும், எகிப்தியர் உளமார நம்பிய ஒன்றை இந்தப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. எனக்கு இதன்மேல் தீராத பிரியம் இருப்பது அதனால்தான்.

ஒரே ஒரு குறை, அதை மட்டும் மகளிடம் பேசுங்கள். கதை நடப்பது எகிப்தில். ஆனால் பேராசை பிடித்த சிறை அதிகாரி, கொப்புளத்தோடு மந்திரித்துவிட்டதுபோல் வரும் கூட்டம் என்றுதான் எகிப்தியர்கள் தலைகாட்டுகிறார்கள். மம்மி எழாமல் காவல் காக்கும் அர்தெத் பே போன்ற ஓரிருவருக்குத்தான் கௌரவம் கிடைக்கிறது. அவரைப் போல இன்னும் நாலு பேர் இருந்திருக்க வேண்டும்.