ஹெம்ப் வளர்ப்பு வகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டேன், போகலாமா?

கேள்வி: கம்பத்தில் இருக்கிறோம். திராட்சைத் தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். குமுளியில் உள்ள எங்கள் வீட்டு மாடி காலியாகக் கிடக்கிறது. வாகமண் பக்கம் ஒரு ரிசார்ட்டில், அறைக்குள் ஹெம்ப் செடி (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் கஞ்சா இனச் செடி) வளர்ப்பது பற்றி இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 18,000 ரூபாய். டென்ட், எல்.இ.டி. விளக்கு, விதை எல்லாம் தருவார்களாம், விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். “டி.எச்.சி. (செடியில் போதை தரும் பொருள்) 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தியாவில் சட்டப்படி சரி, லைசென்ஸ் நாங்களே எடுத்துத் தருகிறோம்” என்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். போகலாமா?

பதில்: போகாதீர்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை.

ஒரு பேச்சை உட்கார்ந்து கேட்பது குற்றமில்லை. செடியைப் பற்றிப் படிப்பதும் குற்றமில்லை. ஆனால் உங்களை அழைத்திருப்பது அந்த மாதிரி வகுப்புக்கு இல்லை. உயிருள்ள செடியை வைத்துக் காட்டி, விதையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். எக்சைஸ்காரர்கள் அந்த அறைக்குள் நுழைந்தால் பாடம் நடத்தியவர் யார், கேட்க வந்தவர் யார் என்று அங்கேயே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் அனுப்பிய பணத்தின் யு.பி.ஐ. பதிவும், வாட்ஸ்அப் குழுவில் “எத்தனை செடி வைக்கலாம்?” என்று கேட்ட ஒரு வரியும் போதும், உடந்தை, கூட்டுச்சதி என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 29-வது பிரிவில் உங்கள் பெயரைச் சேர்ப்பதற்கு.

இப்போது அந்த 0.3 விவகாரம். இந்த ஏமாற்றில் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் சதவீதக் கணக்கே கிடையாது. கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியானாலும் அது கஞ்சாச் செடிதான். போதை குறைவு, கூடுதல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 0.3 என்பது உத்தராகண்ட் மாநிலம் தன் விவசாயிகளுக்கு அனுமதி கொடுத்தபோது வைத்த வரம்பு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கேரளத்தின் இடுக்கியில் விற்கிறார்கள்.

உத்தராகண்ட் எப்படிக் கொடுத்தது என்று கேட்பீர்கள். 14-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. நாருக்காக, விதைக்காக, அல்லது தோட்டக்கலைத் தேவைக்காக மட்டும் இந்தச் செடியைப் பயிரிட அரசு உத்தரவு போட்டு அனுமதிக்கலாம். அரசு உத்தரவு என்பதைக் கவனியுங்கள். உத்தரவு இல்லாத மாநிலத்தில் விலக்கும் இல்லை. தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ ஒரு சாதாரண விவசாயி மனு போட்டு வாங்கக்கூடிய ஹெம்ப் உரிமம் கிடையாது. இல்லாத லைசென்ஸை எந்த ஏஜென்ட்டும் எடுத்துத் தர முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாருக்கான ஹெம்ப் திறந்த வயலில் நெருக்கமாக விதைத்து, ஆளுயரத்துக்கு மேல் நெட்டையாக வளர்க்கும் பயிர். அதை யாரும் டென்ட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்ப்பதில்லை, கரண்ட் பில்லுக்கே கட்டாது. அறைக்குள் விளக்கு நேரத்தைக் கூட்டிக் குறைத்து இந்தச் செடியை வளர்ப்பது பூவுக்காக. சட்டம் கஞ்சா என்று சொல்வதும் அந்தப் பூ நுனியைத்தான். ஆகவே ‘இன்டோர் ஹெம்ப், நாருக்காக’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விவசாயமும் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நம்ப வைப்பதற்குக் காகிதம் காட்டுவார்கள். 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதித்த அறிவிக்கை ஒன்று. ஆயுர்வேத மருந்து தயாரிப்பு உரிமம் இன்னொன்று. இரண்டும் அசலாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று உணவு விற்பதற்கு, மற்றது மருந்து செய்வதற்கு. பயிர் வைக்க இரண்டுமே உதவாது. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 14-வது பிரிவின்கீழ் கேரள அரசு போட்ட உத்தரவின் எண், தேதி என்ன, அதில் இந்த இடத்தின் சர்வே எண் எங்கே இருக்கிறது? பதிலுக்கு வேறு மாநிலக் காகிதம் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

குமுளி மாடியைப் பற்றி. ஒரு செடி வளர்த்தாலும் 20(அ) பிரிவில் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘வீட்டை மட்டும் விடுங்கள், வாடகை தருகிறோம்’ என்று அடுத்த தூண்டில் வரும். தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் 25-வது பிரிவில் அதே தண்டனைதான். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: ‘பணம் மட்டும் போடுங்கள், லாபத்தில் பங்கு.’ இது கேட்க ஆபத்தில்லாதது போலத் தோன்றும், உண்மையில் இதுதான் மோசம். பயிர் வைக்கப் பணம் கொடுத்தவர்மேல் 27ஏ பிரிவு பாய்ந்தால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20. 37-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றினால்தான் ஜாமீன். தண்ணீர் ஊற்றியவனைவிடப் பணம் போட்டவன் கூடுதல் காலம் உள்ளே இருக்க நேரிடும்.

நடைமுறை இன்னும் கொடுமை. சட்டப்படி பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா, தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. ஆனால் பச்சைச் செடியைத் தண்டோடும் வேர்மண்ணோடும் தூக்கித் தராசில் வைத்து, அந்த எடையை மகஜரில் (பறிமுதல் பதிவில்) ஏற்றுவது நடக்கிறது. ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோ வணிக அளவு என்று எடையை வைத்தே ஆளின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் சட்டம் இது. அந்தத் தராசைச் சரியாகப் பிடிக்கக்கூடவா முடியவில்லை? இதைக் கேட்டு வாதாட நீங்கள் உள்ளே இருந்தபடியே ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். குமுளியில் பிடிபட்டால் வழக்கு தொடுபுழா சிறப்பு நீதிமன்றத்தில், மலைக்குக் கீழே கம்பத்தில் பிடிபட்டால் மதுரையில். கஞ்சா வழக்குக்குப் பேர்போன இந்த எல்லையில், ‘ஹெம்ப் பயிர் வைக்கலாமா, கூடாதா’ என்று தெளிவாக ஒரு பலகை வைக்க இரண்டு அரசுகளுக்கும் மனமில்லை. அந்த மௌனத்தில்தான் புரோக்கர்கள் கல்லா கட்டுகிறார்கள்.

இன்றைக்கே ‘நான் வரவில்லை, எனக்கு எந்தப் பொருளும் அனுப்ப வேண்டாம், முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுத்தில் செய்தி அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். பணம் கட்டிய ரசீதையும் அவர்களுடைய விளம்பரத்தையும் அழிக்காமல் வையுங்கள். பணம் வராவிட்டால் 1930 என்ற சைபர் மோசடி எண்ணில் புகார் கொடுங்கள். மாடியில் ஏதாவது வளர்த்தே ஆக வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காளான் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். கூரியரில் விதைப் பார்சல் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும், முக்கியமாக அண்ணனிடம், இதைச் சொல்லி வையுங்கள்.