பட்டறை வாத்தியாரிடம் கேளுங்கள்

அரசு ஐடிஐ ஒன்றில் 29 வருஷம் ஃபிட்டர் பிரிவு நடத்தி ஓய்வு பெற்றவர், படிப்பு, பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் 28 மார்க் எடுத்து ஃபெயில். இனி பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறான். "ஐடிஐ எல்லாம் படிப்பு ஏறாதவனுக்கு, பேசாமல் வெல்டிங் பட்டறையில் விடு" என்கிறார் அவன் அப்பா. என்ன செய்வது? (ஒரு தாய், விருத்தாசலம்)

அவன் அப்பாவை ஒரு நாள் ஐடிஐக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் அம்மா. ஃபிட்டர் பையனுக்கு நாங்கள் கொடுக்கும் முதல் வேலை, ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் செங்கோணத்துக்குக் கொண்டுவருவது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. நல்ல மார்க்கோடு வந்த பிள்ளைகள் உள்ளங்கை கொப்பளித்து உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையைக் கண்டால் நடுங்கியவன் வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை டக்கென்று படித்துச் சொல்வான். கணக்கு அங்கேயும் உண்டு, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் பையன் விஷயம். பாஸுக்கு 35 வேண்டும், அவனுக்குக் குறைவது ஏழே மார்க். துணைத்தேர்வை எழுத வையுங்கள். தேறிவிட்டால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் என்று எதற்கும் விண்ணப்பிக்கலாம். தேறாவிட்டாலும் எட்டாம் வகுப்புத் தகுதியில் வெல்டர் அல்லது வயர்மேன் சேரலாம். வெல்டர் ஒரு வருஷம், வயர்மேன் இரண்டு வருஷம். சீக்கிரம் முடியும் என்று வெல்டருக்குத்தான் கூட்டம் ஓடும். நான் வயர்மேன்தான் சொல்வேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இரண்டு வருஷ ஐடிஐயும் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. டிப்ளமா முடித்தால் இன்ஜினியரிங்கிலும் அதேபோல் நேராக இரண்டாம் ஆண்டு. அதனால் ஐடிஐயில் இருந்துகொண்டே அந்தக் கணக்குப் பேப்பரை எழுதி முடிக்கட்டும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பட்டறையில் விட்டாலும் தொழில் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்ரெண்டிஸ் எடுக்கிற கம்பெனியும் ரயில்வேயும் ஐடிஐ முடித்தால் கிடைக்கும் என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) சான்றிதழைத்தான் கேட்பார்கள். பட்டறை முதலாளியின் வாய்வார்த்தை அங்கே செல்லாது. செலவுக்குப் பயப்படாதீர்கள். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

வயது 43. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தையல் தொழில். இனிமேல் படிக்க முடியுமா? நேராகவே டிகிரி வாங்கலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். (ஒரு வாசகி, அறந்தாங்கி)

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் வாங்குகிற திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை. சமையல் உதவியாளர் வேலைக்குக்கூடப் பள்ளிச் சான்றிதழைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். படிப்படியாகப் போங்கள். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும்; உங்களுக்கு முடிந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது! அப்புறம் அதே முறையில் பத்தாம் வகுப்பு. விண்ணப்பத்துக்கு அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அக்கா ஞாபகம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைத்துவிட்டு வந்து ராத்திரி வகுப்பில் உட்காருவாள். அந்த இயக்கத்தில்தான் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே குரங்குப் பெடல் போட்டுப் பழகினாள். முழங்கால் சிராய்ப்பைக் காட்டிக் கையெழுத்தைவிட இதுதான் கஷ்டம் என்பாள்.

மகள் ஃபிட்டர் படிக்க ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா? (ஒரு தந்தை, ஓசூர்)

தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? தாராளமாகச் சேருங்கள். அரசுப் பள்ளி மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டறைக்குத் துப்பட்டா இல்லாமல், பின்னலைத் தொப்பிக்குள் செருகி அனுப்புங்கள். டிரில்லிங் மிஷினுக்கு ஆண், பெண் தெரியாது; தொங்குகிற எதையும் இழுத்துக்கொள்ளும்.